பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று

பாயான் லெப்பாஸில் இரவு மணி பதினொன்று நாற்பது.
அலை உட்புகா அறைக்குள்
ஒரு பல்பும் ஒரு பூட்டும்
எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன,
பெண் பார்க்க வந்த இடத்தில்
முதல் பேச்சை யார் எடுப்பதென்று தெரியாதவர்கள் போல.

பல்பு ஷென்ஜெனிலிருந்து வந்தது.
பூட்டு அக்கரையில், பட்டர்வொர்த்தில்,
பூன் கியாட்டும் அவன் மச்சானும்
கடைவீட்டு மாடியில் செய்தது.
இரண்டுக்கும் ஒரே அலைவரிசை.
ஆனாலும் பேசிக்கொள்ளவில்லை.

நாற்பத்தோராம் சோதனை. தோல்வி.
பல்பு கேட்கிறது: இருக்கிறாயா?
இரண்டு நொடி காத்திருக்கிறது.
பூட்டு எழுந்து, முகம் கழுவி, வாயைத் திறக்க
இரண்டரை நொடி ஆகிறது.
அதற்குள் பல்பு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
அரை நொடி.
கொம்தார் முனையில் விளக்கு பச்சையானதும்
பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்குவானே,
அவ்வளவு நேரம்தான்.

"ரெண்டு மேலயும் குற்றமில்லை" என்கிறாள் ஹஸ்லினா,
கொட்டாவிக்கு நடுவில், மலாயில்.
குற்றம் ஆவணத்தில் இருக்கிறது.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரி:
கருவி இரண்டு நொடிக்குள் பதிலளிப்பது நலம்.

நலம்.
கடிதத்தின் முதல் வரியில் எழுதலாம் அந்தச் சொல்லை.
செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.
ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு வாசித்துக்கொண்டது.
அதனால்தான் ரெலாவில், என் பதினேழாம் மாடி வீட்டில்
காற்றாடிக்கு ஒரு ஆப், விளக்குக்கு ஒரு ஆப், ஏர்கானுக்கு ஒன்று.
டிவிக்குப் பின்னால் மூன்று வெள்ளைப் பெட்டிகள்
ராத்திரி முழுக்கக் கண் சிமிட்டுகின்றன,
மின்தூக்கியில் பார்த்தும் பேசாத
ஒரே மாடிக்காரர்கள்.

நள்ளிரவு. திரையில் பதினான்கு முகங்கள்.
ஒருவர் கையில் காலைக் காப்பி,
ஒருவர் முதுகில் மாலை வெயில்,
எனக்கு ஆறிப்போன மீ கோரெங்.
தீர்மானம்: "நலம்" நீங்கும், "வேண்டும்" வரும்.
ஒரே சொல்.
நான்கு மாதச் சண்டை.

சாயங்காலமே பூன் கியாட் அழைத்திருந்தான்.
"கோமளா, என் சிப் அவ்வளவுதான் ஓடும்.
அரை நொடி குறைக்கணும்னா புது சிப்.
புது சிப்னா விலை ரெண்டு மடங்கு.
எங்க ஃபிளாட்டில் யார் வாங்குவா?"
நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது
இரண்டரை நொடிக்கும் மேல்.

என் கதவில் இருப்பதும் அவன் பூட்டுதான்.
மூன்று வருஷமாக ஒரு நாளும் வெளியே நிறுத்தியதில்லை.
மழையில் ஊறிய விரலையும் கண்டுகொள்ளும்,
கொஞ்சம் யோசித்து.
ஆனால் ஒரு நாள் புகைமணி அதைக் கூப்பிட்டு
"திற, உள்ளே ஆள்" என்றால்?
அப்போது நலம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"பினாங்கு ஆய்வகம்?"
ஒரு குரல் கேட்டது.
அந்தப் பக்கம் எத்தனை நொடி காத்திருப்பார்கள் என்று
எந்தப் பிரிவிலும் எழுதவில்லை.

வேண்டும், என்றேன்.

பதினொன்றுக்கு மூன்று. நிறைவேறியது.
யாரோ கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

கிளம்பும்முன் ஹஸ்லினா
பல்பின் பொறுமையை மூன்று நொடியாக்கி
சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.
இருக்கிறாயா?
...
இருக்கிறேன்.
கறுப்புக் கூம்புகள் மூடிய அந்த அறையில்
பல்பு எரிந்தது, இளமஞ்சளாக.
பதிவேட்டில் ஏற்ற முடியாத வெளிச்சம்.
இருவரும் பார்த்தோம்.
அவள்தான் அணைத்தாள்.

ஒன்றரை மணிக்கு வீடு.
கதவில் விரலை வைத்தேன்.
கீழே தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது.
ஒன்று.
இரண்டு.
அவசரமில்லை, என்றேன் பூட்டிடம்.